கண் இமையில் முளைத்த தேயிலை!
காஞ்சி போதிதருமர் வரலாறு

வானூர், திண்டிவனம், விழுப்புரம் என்று எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும் இன்று ஒரு சரக்கு கண்ணில் படுகிறது. அதன் பெயர் கிரீன் டீ. அதாவது பச்சைத் தேயிலை.

இதைக் குடித்தால் உடம்பு இளைக்கும் என்கிறார்கள். நோய் அண்டாது என்கிறார்கள். நூறு வயது வாழலாம் என்றும் சிலர் சொல்லுகிறார்கள்.

இந்தத் தேயிலைக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு என்று சீனாவிலும் ஜப்பானிலும் பல நூறு ஆண்டுகளாகக் கதை சொல்லி வருகிறார்கள். அந்தக் கதையின் நாயகர் ஒரு துறவி. காஞ்சிபுரத்தில் பிறந்தவர் என்று சொல்லப்படுகிறவர்.

திண்டிவனத்திலிருந்து வந்தவாசி வழியாக வடக்கே போனால் காஞ்சிபுரம். ஆகவே அவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர்!

அவர்தான் போதிதருமர். சீனர்கள் அவரைத் தாமோ என்பார்கள். ஜப்பானியர்கள் தாருமா என்பார்கள்.

அவருடைய வரலாற்றையும், தேயிலைக் கதையையும், கிரீன் டீ உண்மையில் ஆயுளை வளர்க்குமா என்பதையும் பார்ப்போம்.

அரசகுமாரர்

ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முந்திய காலம் அது. காஞ்சியில் பல்லவர்கள் ஆண்டு வந்தார்கள். விழுப்புரம் அருகே மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தானே மகேந்திரவர்மன், அவன் காலத்துக்கும் சுமார் நூறு ஆண்டு முந்தியது.

அக்காலத்தில் காஞ்சியில் சைவமும் வைணவமும் சமணமும் பௌத்தமும் அருகருகே இருந்தன. மணிமேகலை தவம் செய்து வாழ்வை முடித்தது காஞ்சியில்தான் என்று காப்பியம் சொல்லுகிறது. கி.பி. 640-ஐ ஒட்டித் தென்னாட்டைப் பற்றி எழுதிய சீன யாத்திரிகர் யுவான் சுவாங், இந்த நாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பதினாயிரம் பிக்குகளும் இருந்ததாகக் குறித்திருக்கிறார்.

இப்படிப்பட்ட நாட்டில் ஓர் அரசனுக்கு மூன்றாவது மகனாகப் போதிதருமர் பிறந்தார். அவருடைய சீடர் ஒருவர் எழுதி வைத்த குறிப்பு, அவர் தென்னிந்திய மன்னன் ஒருவனின் மூன்றாவது குமாரர் என்று கூறுகிறது. பிற்காலத்து நூல்கள் அந்த ஊர் காஞ்சி என்று கூறுகின்றன.

எல்லா நூல்களும் ஒன்றுபோலச் சொல்லவில்லை. கி.பி. 547-ல் எழுதப்பட்ட சீன நூல் ஒன்று அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. 645-ல் எழுதப்பட்ட இன்னொரு நூல், அவர் தென்னிந்திய அந்தணர் குலத்தவர் என்கிறது. ஆயினும் தென்னிந்தியர் என்ற வழக்கே நிலைத்து நின்றது.

அரண்மனையில் சுகத்துக்குக் குறைவில்லை. ஆனால் இளவரசரின் மனம் அதில் ஒட்டவில்லை. பிரக்ஞாதாரர் என்ற குருவை அடைந்து துறவியானார். பல ஆண்டுகள் குருவுக்குப் பணிவிடை செய்தார். கிழக்கே சீன நாட்டுக்குப் போய்த் தர்மத்தைச் சொல்ல வேண்டும் என்பது குருவின் கட்டளை.

கடல் கடந்த பயணம்

அந்த நாளில் கடற்பயணம் என்பது உயிரைப் பணயம் வைக்கும் காரியம். நீராவிக் கப்பல் கிடையாது. காற்று அடித்தால் பாய் விரிப்பார்கள். காற்று நின்றால் நடுக்கடலில் காத்துக் கிடப்பார்கள்.

பாஹியான் என்ற சீனத் துறவி 411-ல் இலங்கையிலிருந்து தாயகம் புறப்பட்டார். அவர் ஏறிய கப்பலில் இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். புயலில் சிக்கிக் கப்பலில் ஓட்டை விழுந்தது. வணிகர்கள் தங்கள் சரக்குகளையே கடலில் எறிந்தார்கள். திசை மாறிப் போய், கடைசியில் 412-ல்தான் அவர் சீனக் கரையைக் கண்டார்.

இதே கடலில்தான் போதிதருமரும் சென்றார். தெற்குச் சீனாவில் கரை இறங்கினார். பழைய நூல் ஒன்றின்படி அது 479-க்கு முன்பு. பிற்கால நூல்களின்படி 520 அல்லது 527.

தெரியாத நாடு. தெரியாத மொழி. ஆனால் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சக்கரவர்த்தியும் துறவியும்

அப்போது தெற்குச் சீனாவை ஆண்டவர் வூ சக்கரவர்த்தி. 502 முதல் 549 வரை ஆட்சி செய்தவர். பௌத்த மதத்தில் பெரும் பற்றுடையவர். விகாரங்களைக் கட்டினார். மாமிசத்தை விட்டார். தம்மையே கோயிலுக்கு அடிமையாக ஒப்புக்கொடுத்து, அமைச்சர்கள் பெரும் பொருள் கொடுத்து மீட்கும்படியும் செய்தார்!

இந்தச் சக்கரவர்த்தி போதிதருமரை அரண்மனைக்கு அழைத்தார் என்று கதை கூறுகிறது. தாம் செய்த தானதர்மங்களை எல்லாம் எடுத்துச் சொன்னார். இவற்றால் தமக்கு எவ்வளவு புண்ணியம் சேரும் என்று கேட்டார்.

சபை முழுவதும் ஆவலோடு காத்திருந்தது. வந்த துறவி புகழ்ந்து நாலு வார்த்தை சொல்வார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

போதிதருமர் சிறிதும் தயங்கவில்லை. அதனால் ஒரு புண்ணியமும் இல்லை என்று சொல்லிவிட்டார்! பலனை எண்ணிச் செய்யும் தர்மம் வியாபாரம்தான் என்பது அவருடைய கருத்து.

சக்கரவர்த்தியின் முகம் வாடியது. அந்த ஊரில் தமக்கு வேலை இல்லை என்று கண்டுகொண்ட போதிதருமர் வடக்கே புறப்பட்டார். ஒரு நாணலின் மீது நின்றபடி யாங்சே ஆற்றைக் கடந்தார் என்று ஓவியர்கள் படம் எழுதுகிறார்கள்.

வூ சக்கரவர்த்திக்குப் பின்னால் என்ன நேர்ந்தது? ஒரு தளபதி கலகம் செய்து தலைநகரைப் பிடித்துக்கொண்டான். எண்பது வயதைக் கடந்த சக்கரவர்த்தி 549-ல் தம் அரண்மனையிலேயே சிறைப்பட்டு, சரியான உணவின்றி இறந்தார். நீண்ட ஆயுள் இருந்தது. கடைசி நாளில் நிம்மதி இல்லை.

ஒன்பது ஆண்டு தவம்

வடக்கே சுங் மலை என்று ஒரு மலை. அதன் அடிவாரத்தில் சாவோலின் மடம். இந்த மடத்தை 495-ஐ ஒட்டி வேறோர் இந்தியத் துறவிக்காக அந்நாட்டு அரசர் கட்டிக் கொடுத்திருந்தார்.

மடத்துக்கு மேலே உள்ள குகையில் போதிதருமர் அமர்ந்தார். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார். ஒரு நாள் அல்ல, இரு நாள் அல்ல, ஒன்பது ஆண்டுகள்!

இங்கேதான் தேயிலைக் கதை வருகிறது.

தவத்தின் நடுவே ஒரு நாள் அவரையும் மீறித் தூக்கம் வந்துவிட்டது. கண் விழித்ததும் தம் மீதே அவருக்குக் கோபம் வந்தது. மூடிய இமைகள்தானே குற்றவாளி? இரண்டு இமைகளையும் அறுத்துத் தரையில் எறிந்தார். இமைகள் விழுந்த இடத்தில் ஒரு செடி முளைத்தது. அதன் இலைகள் கண் இமையைப்போலவே இருந்தன. அந்த இலையை நீரில் இட்டுக் குடித்தவர்களுக்குத் தூக்கம் கலைந்தது. அதுவே தேயிலை!

இந்தக் கதையை 1690 முதல் 1692 வரை ஜப்பானில் தங்கியிருந்த கேம்பர் என்ற ஜெர்மன் வைத்தியர் கேட்டு, 1712-ல் வெளிவந்த தமது புத்தகத்தில் எழுதினார். அதன் மூலம் ஐரோப்பாவுக்கும் கதை பரவியது.

பனியில் நின்ற சீடர்

குகையில் இருந்தவரைத் தேடி ஹுய்கே என்ற சீனர் வந்தார். தம்மைச் சீடராக ஏற்கும்படி வேண்டினார். போதிதருமர் திரும்பியும் பார்க்கவில்லை. இரவு முழுவதும் பனி கொட்டியது. ஹுய்கே அசையவில்லை. பனி முழங்கால் வரை ஏறியது. விடிந்ததும் தம் உறுதியைக் காட்ட இடது கையை வெட்டிக் குருவின் முன் வைத்தார் என்று கதை போகிறது.

ஹுய்கேயின் கையைக் கள்வர்கள் வெட்டினார்கள் என்று 645-ம் ஆண்டு நூல் சொல்லுகிறது. எப்படியானாலும் ஹுய்கே குருவின் உபதேசத்தைப் பெற்றார். அந்தச் சீட மரபுதான் சீனாவில் சான் என்றும் ஜப்பானில் ஜென் என்றும் பெயர் பெற்று வளர்ந்தது. சான் என்பது நம்முடைய தியானம் என்ற சொல்லின் திரிபே.

போதிதருமர் சொன்ன ஒழுக்கங்கள் நான்கு. துன்பம் வந்தால் பழைய வினையின் பயன் என்று பொறுக்க வேண்டும். இன்பம் வந்தால் தலைகால் தெரியாமல் ஆடக்கூடாது. எதற்கும் ஆசைப்பட்டு அலையக்கூடாது. தர்மத்தின்படி நடக்க வேண்டும். இவ்வளவுதான்.

நூற்றைம்பது வயதா?

லோயாங் நகரில் 516-ல் ஒரு பெரிய கோபுரம் எழுந்தது. அது 534-ல் தீப்பிடித்து அழிந்தது. அந்தக் கோபுரத்தைப் பார்த்து வியந்து, கைகூப்பி நாள்கணக்கில் நாமம் சொன்ன ஓர் அயல்நாட்டுத் துறவியைப் பற்றி 547-ம் ஆண்டு நூல் சொல்லுகிறது. அவர் பெயர் போதிதருமர். தமக்கு வயது நூற்றைம்பது என்று அவர் சொன்னாராம்!

நூற்றைம்பது வயது வாழ்ந்த மனிதர் எவரும் சரியான பிறப்புச் சான்றோடு இதுவரை கிடையாது. பெரியவர்களுக்கு வயதைக் கூட்டிச் சொல்வது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம்.

அவர் மறைந்ததைப் பற்றியும் கதை உண்டு. அவரைப் புதைத்த பிறகு, மேற்கே மலைப்பாதையில் ஒரு சீனத் தூதர் அவரைக் கண்டாராம். ஒரு கையில் ஒற்றைச் செருப்புடன் இந்தியாவை நோக்கி நடந்துகொண்டிருந்தாராம். செய்தி கேட்டுக் கல்லறையைத் திறந்தார்கள். உள்ளே உடல் இல்லை. மற்றொரு செருப்பு மட்டும் இருந்ததாம்!

சாவோலின் மடத்துச் சண்டைக் கலையை அவர்தான் கற்றுக் கொடுத்தார் என்பார்கள். 2011-ல் வந்த ‘ஏழாம் அறிவு’ திரைப்படத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் சிறுவர்களுக்கும் இது தெரியும். ஆனால் அவர் தேகப்பயிற்சி கற்பித்ததாகச் சொல்லும் நூல் 1624-ஐ ஒட்டித் தோன்றியது. அதாவது அவருக்குப் பிறகு ஆயிரம் ஆண்டுக்கு மேல். ஆகவே ஆராய்ச்சியாளர்கள் அதை ஏற்பதில்லை.

தேயிலையின் உண்மைக் கதை

இமையிலிருந்து தேயிலை முளைத்தது என்பதும் கற்பனையே. போதிதருமர் பிறப்பதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே சீனாவில் தேயிலை இருந்தது. கி.மு. 141-ல் இறந்த ஒரு சீனச் சக்கரவர்த்தியின் கல்லறையைத் தோண்டியபோது தேயிலையே கிடைத்தது.

ஆனால் கற்பனைக்குள்ளும் ஓர் உண்மை மறைந்திருக்கிறது. தேயிலையைச் சீன மக்களிடையே பரப்பியவர்களில் போதிதருமரின் வழிவந்த துறவிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 713-க்கும் 741-க்கும் இடையே ஒரு மலை மடத்தில் தியானம் பயின்ற பிக்குகள் இரவில் தூங்கக்கூடாது. மாலை உணவும் கிடையாது. தேநீர் மட்டும் குடிக்கலாம். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் குடிக்கத் தொடங்கினார்கள் என்று ஒரு பழைய நூல் சொல்லுகிறது.

அந்த மரபைச் சேர்ந்த ஐசாய் என்ற ஜப்பானியத் துறவி 1191-ல் சீனாவிலிருந்து திரும்பும்போது தேயிலை விதையையும் கொண்டுபோனார். 1211-ல் தேநீர் குடித்து உடலைப் பேணுவது எப்படி என்று ஒரு நூல் எழுதினார். 1214-ல் மது மயக்கத்தால் வாடிய ஜப்பானியத் தலைவர் ஒருவருக்குத் தேநீரையும் அந்த நூலையும் கொடுத்தார். கிரீன் டீ நீண்ட ஆயுள் தரும் என்ற பேச்சு ஜப்பானில் வேரூன்றியது இப்படித்தான்.

நம் மொழியிலும் சீனாவின் வாசனை உண்டு. தென்கிழக்குச் சீனாவில் இந்தச் செடியின் பெயர் தே. அதனோடு இலையைச் சேர்த்து நாம் தேயிலை என்கிறோம். ஆங்கிலத்திலிருந்து வந்த டீ என்ற சொல்லுக்கும் அதுவே மூலம். சீனாவின் பிற பகுதிகளில் வழங்கும் சா என்பதுதான் மலையாளத்தில் சாயா ஆயிற்று.

கிரீன் டீ என்றால் என்ன?

கறுப்புத் தேயிலையும் பச்சைத் தேயிலையும் ஒரே செடியில் பறிப்பவைதான். பறித்த இலையை வாடவைத்துக் கசக்கினால், காற்றுப் பட்டு அது நிறம் மாறுகிறது. பிறகு உலர்த்தினால் நாம் டீக்கடையில் குடிக்கும் தூள். பறித்தவுடனே ஆவியிலோ வாணலியிலோ சூடுபடுத்திவிட்டால் நிறம் மாறுவது நின்றுவிடும். அதுதான் கிரீன் டீ. நம் நீலகிரியிலும் இது தயாராகிறது.

இதில் காஃபீன் என்ற பொருள் இருக்கிறது. தூக்கத்தை விரட்டுவது அதுதான். துறவிகளுக்கு உதவியதும் அதுதான். இதைத் தவிர, துவர்ப்பைத் தரும் காட்டகின் என்ற பொருள்களும் உண்டு. கிரீன் டீயில் அவை மிகுதி.

ஆயுள் கூடுமா?

ஜப்பானில் மியாகி மாகாணத்தில் 40 முதல் 79 வயது வரையுள்ள 40,530 பேரை 1994 முதல் 11 ஆண்டுகள் கவனித்தார்கள். முடிவு 2006-ல் வெளிவந்தது. நாள்தோறும் ஐந்து கோப்பையோ அதற்கு மேலோ கிரீன் டீ குடித்தவர்களை, ஒரு கோப்பைக்கும் குறைவாகக் குடித்தவர்களோடு ஒப்பிட்டார்கள். அந்த ஆண்டுகளில் மரணம் ஆண்களிடையே நூற்றுக்கு 12 பங்கும், பெண்களிடையே 23 பங்கும் குறைவாக இருந்தது. இருதய, இரத்தக் குழாய் நோயால் வரும் மரணத்தில் வித்தியாசம் இன்னும் அதிகம். புற்றுநோய் மரணத்தில் வித்தியாசம் தெரியவில்லை.

நல்ல செய்திதான். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. கிரீன் டீ குடிப்பவர்கள் சாப்பாட்டிலும் நடையிலும் மற்றப் பழக்கங்களிலும் ஒழுங்கானவர்களாக இருக்கலாம். ஆயுளைக் கூட்டியது டீயா, ஒழுங்கா என்று இத்தகைய கணக்கால் மட்டும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

கவனிக்க வேண்டியவை

சாப்பாட்டோடு தேநீர் குடித்தால், கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. ஆகவே தாய்மார்கள், முக்கியமாகக் கர்ப்பிணிகள், சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்துக் குடிப்பது நல்லது. கர்ப்பிணிகள் அளவையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கொதிக்கக் கொதிக்கக் குடிக்கக்கூடாது. 65 டிகிரிக்கு மேல் சூடான பானம் உணவுக்குழாயில் புற்றுநோய் வரக் காரணமாகலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் கூறியது. ஆற்றிக் குடிக்கும் நம் பழக்கம் நல்ல பழக்கம்!

இளைப்பதற்கென்று கிரீன் டீச் சத்தை மாத்திரையாக விற்கிறார்கள். அளவு மீறினால் ஈரலுக்குத் தீங்கு வரக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-ல் எச்சரித்தது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிரீன் டீ பழகக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுக் கிரீன் டீயை நம்புவது ஆபத்து. வீட்டுப் பெரியவருக்கு யாராவது இப்படி யோசனை சொன்னால், மற்றவர்கள் உடனே தடுக்க வேண்டும். மாத்திரை அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. டீயை நம்பி அதை நிறுத்தினால் போவது உயிர்.

சர்க்கரையும் பாலும் சேர்க்காமல், இதமான சூட்டில், நாளுக்கு இரண்டு மூன்று கோப்பை குடிப்பதால் பெரும்பாலோருக்குக் கெடுதி இல்லை. படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். தூக்கத்தை வெட்டி எறிந்தவரின் கதையைப் பார்த்தோமே!

சிவப்புப் பொம்மை

ஜப்பானில் இன்றும் போதிதருமரைப் பொம்மையாகச் செய்கிறார்கள். சிவப்பு நிறம். கை கால் இல்லாத உருண்டை வடிவம். ஒன்பது ஆண்டு அசையாமல் உட்கார்ந்ததால் கால்கள் மரத்துத் தேய்ந்துபோயின என்பது கதை. தள்ளிவிட்டால் தானே எழுந்து உட்காரும். கண்களில் கருவிழி இருக்காது. ஒரு காரியத்தை நினைத்து ஒரு கண் எழுதுவார்கள். காரியம் முடிந்தபின் மறு கண் எழுதுவார்கள்.

போதிதருமர் எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்று உலகம் அவரை நினைக்கவில்லை. அரண்மனையை விட்டார். கடலைக் கடந்தார். சக்கரவர்த்திக்கு முன்னால் உள்ளதைச் சொன்னார். எடுத்த காரியத்தில் ஒன்பது ஆண்டு அசையாமல் இருந்தார். இவற்றுக்காகவே 1,500 ஆண்டு கழித்தும் அவர் பெயரைச் சொல்லுகிறார்கள்.

அளவான சாப்பாடு, தினமும் நடை, நல்ல தூக்கம், புகையிலையும் மதுவும் இல்லாத வாழ்க்கை. இவற்றோடு ஒரு கோப்பை கிரீன் டீயும் இருந்தால் இருக்கட்டும். இவை இல்லாமல் வெறும் டீயால் ஆயுள் வளர்ந்துவிடும் என்று காஞ்சித் துறவியிடம் போய்ச் சொல்லியிருந்தால், வூ சக்கரவர்த்திக்குக் கிடைத்த பதில்தான் நமக்கும் கிடைத்திருக்கும்!